தெரிந்த பாடத்தை மறுபடி படிப்பது: கல்லூரி முதலாண்டு இயக்கவியல்

கல்லூரி முதலாண்டில் இயக்கவியல் தாளைப் படிக்க உட்காரும் மாணவருக்கு முதல் வாரத்தில் ஒரு நிம்மதி வருவது இயல்பு. திசைவேகம், முடுக்கம், நியூட்டனின் மூன்று விதிகள், உராய்வு, எறிபொருள், தனி ஊசல் என்று பாடத்திட்டத்தில் இருப்பதெல்லாம் பதினொன்றாம் வகுப்பில் பார்த்தவைதான். கொஞ்சம் வகையீடு, கொஞ்சம் தொகையீடு, கொஞ்சம் வெக்டர் கூடச் சேரும். மற்றபடி பழைய பாடமே என்று தோன்றும். பிறகு முதல் இன்டர்னல் தேர்வு வரும். சூத்திரங்கள் எல்லாம் நினைவில் இருக்கும். எதை எங்கே போடுவது என்பதுதான் பிடிபடாது. சிலருக்கு அதுவும் பிடிபட்டுவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும். இந்த இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது, கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளை வாசித்தபின் எனக்குத் தோன்றுவது.

ஒரு நாணயத்தை நேர்மேலே சுண்டுகிறோம். கையை விட்டுப் போய்விட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்தக் கணத்தில் நாணயத்தின் மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? விடை ஒரே விசை: புவியீர்ப்பு, கீழ்நோக்கி. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட் இந்தக் கேள்வியைப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு 1982-இல் எழுதினார். பெரும்பாலோர் மேல்நோக்கி இன்னொரு அம்புக்குறி போட்டிருந்தார்கள். கை கொடுத்த விசை நாணயத்தோடு கூடவே போகிறது, போகப்போகத் தேய்கிறது, உச்சியில் புவியீர்ப்போடு சமமாகிறது, அதன்பின் தோற்கிறது என்பது அவர்கள் விளக்கம். இயக்கவியல் பாடத்தை முடித்த மாணவர்களிலும் பெரும்பான்மையினர் அதே அம்பைத்தான் போட்டார்கள். உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ‘சுழி’ என்று சொல்பவர்கள் நம் வகுப்பறைகளிலும் நிறையப் பேர் கிடைப்பார்கள். திசைவேகம் சுழி என்பதும் முடுக்கம் சுழி என்பதும் அவர்களுக்கு ஒன்றே. ஆனால் அதே மாணவரிடம் 20 மீ/வி வேகத்தில் எறிந்த கல் எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டால், 20.4 மீட்டர் என்று ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார். கணக்குக்குள் முடுக்கத்துக்கு எல்லாக் கணத்திலும் 9.8 என்று எழுதியவரும் அவர்தான்.

இன்னொரு கேள்வி. பாரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்த சிறிய கார் மீது மோதுகிறது. லாரி காரின் மேல் செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின் மேல் செலுத்துவது பெரிதா? மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவர்கள் இங்கே லாரி பக்கம் சாய்வார்கள். கார் நசுங்கியதைக் கண்ணால் பார்க்கிறோமே! இரண்டு விசையும் சமம். நிறை குறைந்த காருக்கு முடுக்கம் அதிகம், உள்ளே இருப்பவருக்கு ஆபத்தும் அதிகம் என்று இரண்டாம் விதியைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் கண்ணால் பார்த்ததும் விதியும் ஒத்துப்போகும். விதிகளைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்து, தனித்தனியாகவே தேர்வில் கேட்டால், இந்தச் சேர்க்கை எப்போதும் நடக்காது.

இவை படிக்காதவர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாதவை. எறிந்த பொருளுக்குள் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டு அதைத் தள்ளுகிறது என்பது 6-ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவின் ஃபிலோபோனஸ் அரிஸ்டாட்டிலை மறுத்து முன்வைத்த கருத்து. 14-ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஜான் புரிடான் அதற்கு ‘இம்பெட்டஸ்’ என்று பெயர் வைத்து வளர்த்தெடுத்தார். இளமையில் கலிலியோவே அதையொட்டித்தான் எழுதிக்கொண்டிருந்தார். பதினெட்டு வயது மாணவர் போடும் அந்த மேல்நோக்கிய அம்பு, பெரிய மூளைகள் பல நூறு ஆண்டுகள் போட்ட அம்பு. அதை ஒரு மணி நேர வகுப்பில் அழித்துவிடலாம் என்று நினைப்பது ஆசிரியரின் அவசரம்.

ஆனால் மாணவர் மனதில் இருப்பது புரிடானுடையதைப் போல முழுமையான ஒரு கோட்பாடுதானா? இங்கே ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெக்கிளாஸ்கி, சுருள் குழாய்க்குள் ஓடி வெளியே வரும் குண்டு எந்தப் பாதையில் போகும் என்று கேட்டார். நேர்கோட்டில் போகும் என்பது சரி. கணிசமானோர் வளைந்துதான் போகும் என்று வரைந்தார்கள். வளைந்த இயக்கத்தின் ‘பழக்கம்’ குண்டுக்குள் தங்கிவிட்டதாம். இதையெல்லாம் வைத்து, சாதாரண மனிதர்களிடம் ஒழுங்கான ஒரு பழங்கால இயக்கவியல் இருக்கிறது என்றார் அவர். பெர்க்லியின் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா இதை ஏற்கவில்லை. மாணவரிடம் இருப்பது கோட்பாடு அல்ல, ‘அதிகம் தள்ளினால் அதிகம் நகரும்’, ‘எதுவும் தானாக ஓய்ந்துவிடும்’ என்பது போன்ற சின்னச் சின்ன அனுபவத் துண்டுகள். கேள்விக்கு ஏற்றபடி ஏதாவது ஒரு துண்டு முன்னால் வந்து நிற்கும் என்பது 1993-இல் அவர் விரிவாக வைத்த வாதம். இதன் நடைமுறை விளைவு பெரிது. கோட்பாடு என்றால் எதிர்த்து உடைக்க வேண்டும். துண்டுகள் என்றால் நல்லவற்றைப் பொறுக்கி ஒழுங்கு செய்யலாம். ஒரே மாணவர் நாணயக் கேள்வியில் தவறிவிட்டு, அதே இயற்பியல் கொண்ட ராக்கெட் கேள்வியில் சரியாகச் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு டிசெஸ்ஸா பக்கம் மனம் சாயும்; எனக்கும் அப்படித்தான்.

அளந்து பார்த்தவர்கள்

ஆசிரியர்களுக்கு மங்கலாகத் தெரிந்திருந்ததை எண்ணாக மாற்றியவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டனெஸ் ஆகியோர். 1985-இல் அவர்கள் வெளியிட்ட தேர்வில் கணக்கே கிடையாது. அன்றாட நிகழ்வுகள், பலவுள் தெரிவு விடைகள். தவறான விடைகள் எல்லாம் மாணவர்கள் உண்மையிலேயே நம்புகிறவற்றிலிருந்து பொறுக்கியவை. பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் கொடுத்துப் பார்த்ததில் மதிப்பெண் கொஞ்சம்தான் ஏறியது. வகுப்பெடுத்தவர் நல்லாசிரியர் என்று பெயரெடுத்தவரா, சாதாரணமானவரா என்பதால்கூட வேறுபாடு ஏற்படவில்லை. 1992-இல் ஹெஸ்டனெஸ் வேறு இருவருடன் சேர்ந்து அதைத் திருத்தி ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ என்று வெளியிட்டார். 1995-க்குப் பிறகு புழங்கும் வடிவில் 30 கேள்விகள். இன்று உலகில் அதிகம் பயன்படும் இயற்பியல் தேர்வுகளில் இதுவும் ஒன்று.

ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-இல், 1985-இன் அந்த முதல் தேர்வைத் தன் மாணவர்களிடம் நடத்தினார். கேள்விகள் மாணவர்களுக்கு அவமானமாக இருக்கும் அளவு எளிது என்று நினைத்தாராம். தேர்வின்போது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்ற பொருளில் கேட்டதைப் பிற்பாடு அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மாணவி கேட்டது நேர்மையான கேள்வி. இரண்டு இயற்பியல்கள் அவளுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன: ஒன்று ஹாலுக்கு, ஒன்று உலகத்துக்கு. மசூர் அதன்பின் உருவாக்கிய முறை எளிமையானது. பத்துப் பதினைந்து நிமிடம் பாடம், பிறகு ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைக் காட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவரைத் தன் பக்கம் இழுக்க இரண்டு நிமிட வாதம், மறுபடி விடை. 1997-இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். இதற்குக் கணினியோ கருவியோ வேண்டாம். கையில் நான்கு வண்ண அட்டை இருந்தால் போதும். நல்ல கேள்வி எழுதுவதுதான் கடினம். எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுகிற கேள்வியும் பயனில்லை, யாருக்குமே தெரியாததும் பயனில்லை.

ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் முன்பின் மதிப்பெண்களைத் திரட்டினார். தொடக்கத்தில் 40 எடுத்தவருக்கு இன்னும் 60 ஏறலாம். அதில் எத்தனை பங்கு ஏறியது என்பதுதான் அவருடைய அளவு. மரபான விரிவுரை வகுப்புகளில் அது சராசரி 0.23. அதாவது 40 எடுத்தவர் 54 வரை வருவார். மாணவர்களை வகுப்பிலேயே யோசிக்கவும் வாதிடவும் வைத்தவற்றில் 0.48, அவர் 69-ஐ எட்டுவார். விரிவுரை வகுப்பு எதுவும் மேலே உள்ள கூட்டத்தின் சராசரியை நெருங்கவே இல்லை. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், கணிதம், பொறியியல் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8.

இத்தனை சான்று இருந்தும் ஏன் விரிவுரை போகவில்லை? ஆசிரியர்களின் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். 2019-இல் லூயி டெலோரியே குழு ஹார்வர்டின் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் செய்த சோதனை வேறு காரணத்தைக் காட்டுகிறது. ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு மெருகான விரிவுரையாகவும் இன்னொரு பிரிவுக்குக் கேள்வி, விவாதமாகவும் நடத்தினார்கள். இரண்டாவது பிரிவினர் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் எவ்வளவு கற்றீர்கள் என்று கேட்டபோது, குறைவாகக் கற்றதாகச் சொன்னார்கள்! தடுமாறியது அவர்களுக்குக் கற்காததாகத் தெரிந்தது. ‘சார் சூப்பரா நடத்துவார்’ என்று பெயர் வாங்கிய விரிவுரையாளர்கள் பலரின் புகழில் இந்த மயக்கத்துக்கும் பங்கு உண்டு.

கணக்குப் போட்டால் வருமா?

நம் ஊரில் இதற்கு உடனே வரும் மறுமொழி: நிறையக் கணக்குப் போட வைத்தால் எல்லாம் தானாக வரும். தென்கொரியாவில் கிம், பாக் என்ற இருவர் இதைத்தான் சோதித்தார்கள். நுழைவுத் தேர்வுக்காக நூற்றுக்கணக்கில், பலர் ஆயிரத்துக்கும் மேலே இயக்கவியல் கணக்குகள் போட்டுவிட்டு வந்த மாணவர்களிடம் அடிப்படைக் கருத்துகளைக் கேட்டார்கள். 2002-இல் வெளியான கட்டுரையின் முடிவு அதன் தலைப்பிலேயே இருந்தது: ஆயிரம் கணக்கு போட்ட பிறகும் கருத்துத் தடுமாற்றங்கள் அப்படியே இருக்கின்றன.

இங்கேயே நிறுத்திவிட்டால் வாதம் வசதியாக முடிந்துவிடும். ஆனால் 2009-இல் லெய் பாவோ குழு சீனாவிலும் அமெரிக்காவிலும் கல்லூரிக்குள் நுழையும் அறிவியல், பொறியியல் மாணவர்களை ஒப்பிட்டது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஐந்து ஆண்டுகள் விடாமல் இயற்பியல் படித்து வந்த சீன மாணவர்களின் சராசரி அதே 30 கேள்வித் தேர்வில் 86 சதவீதம், அமெரிக்கர்களுக்கு 49. ஆக, நீண்ட காலக் கடும் பயிற்சிக்குக் கருத்திலும் பலன் உண்டு. அதை மறுப்பது சான்றை மறுப்பது. அதே ஆய்வின் மறுபாதி என்னவென்றால், மாறிகளைப் பிரித்தறிவது, விகிதங்களை வைத்து யோசிப்பது போன்ற பொதுவான அறிவியல் சிந்தனையைச் சோதித்த தேர்வில் இரு நாட்டவரும் ஏறக்குறைய 75 சதவீதத்தில் சமமாக நின்றார்கள். பாடம் ஏறியது, பாடத்தைத் தாண்டி எதுவும் ஏறவில்லை. கொரியாவையும் சீனாவையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது, கணக்குகளின் எண்ணிக்கை இங்கே பிரச்சினை அல்ல என்பதே. கணக்கு முடிந்தபின் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கப்பியின் மேல் நூல், ஒரு முனையில் 3 கிலோ, மறு முனையில் 2 கிலோ. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் அட்வுட் தம் விரிவுரைகளில் காட்டிய, 1784-இல் நூலில் விவரித்த கருவி இது. விழும் வேகத்தைக் குறைத்து அளக்க வசதியாக்கினார். நூலில் நிறை இல்லை, கப்பியில் உராய்வு இல்லை என்று கொண்டால் முடுக்கம் = (3−2)/(3+2) × 9.8 = 1.96 மீ/வி². இழுவிசை 23.52 நியூட்டன். வழக்கமாக இதோடு விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. 23.52 என்பது 2 கிலோவின் எடையான 19.6-க்கும் 3 கிலோவின் எடையான 29.4-க்கும் நடுவில் இருக்கிறது. இருந்தே ஆக வேண்டுமா? ஆம்: சிறியது மேலே முடுக்கமடைய நூல் அதன் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டும், பெரியது கீழே முடுக்கமடையக் குறைவாக இழுக்க வேண்டும். இரண்டும் சமமானால் முடுக்கம் சுழி, சரி. ஒரு பக்கம் யானையைக் கட்டினால்? யானை ஏறக்குறைய 9.8-இல் தடையின்றி விழும், சின்ன எடை அதே முடுக்கத்தில் மேலே பறக்கும், இழுவிசை சின்ன எடையின் இரண்டு மடங்குக்கு மேல் போகாது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். யானை கட்டிய நூலில் இழுவிசை பயங்கரமாக இருக்கும் என்றுதான் மனம் சொல்லும். கப்பிக்கும் நிறை உண்டு என்றால் பகுதியில் ஒரு உறுப்பு கூடும், முடுக்கம் குறையும், நூலின் இருபக்க இழுவிசைகளும் வேறுபடும். ஒரே கணக்கை இப்படி அரை மணி நேரம் குடைந்தால், நூலின் இழுவிசை என்றால் எடை என்று நினைத்த பழைய துண்டு ஒன்று இடம் பெயரும். இதே வகையில் இருபது கணக்கு போதும் என்பேன். இருநூறு போட நேரமும் இருக்காது.

பாதிப் பாடத்துக்குப் பிறகு சூழல் மாறிவிடுகிறது. நேர்கோட்டு இயக்கத்தில் உள்ளுணர்வு எதிர்த்து நிற்கும். சுழற்சிக்கு வந்தால் உள்ளுணர்வுக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. சுழலும் சைக்கிள் சக்கரத்தின் அச்சின் ஒரு முனையைக் கயிற்றில் தொங்கவிட்டால் அது விழாமல் கிடைமட்டமாகச் சுற்றிவருவதைப் பற்றி யாருக்கும் முன்கருத்து கிடையாது. சாய்தளத்தில் திண்மக் கோளமும் வளையமும் உருளும்போது கோளம்தான் முந்தும். அதன் முடுக்கம் நழுவும் பொருளுக்கு உரியதில் 5/7 பங்கு, வளையத்துக்குப் பாதி. நிறையோ ஆரமோ அங்கே பேச்சில்லை. இங்கே மாணவருக்கு வேண்டியது எதிர்ப்பு அல்ல, பழக்கம். கோலிக்குண்டும் வளையலும் கொண்டு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது.

புத்தகங்கள்

வகுப்பில் ‘நியூட்டன் விதி’ என்று எழுதுவது நியூட்டனின் நூலில் அப்படியே இருப்பதல்ல. 1687-இல் வந்த ‘பிரின்கிப்பியா’ முழுக்க வடிவியல். விசை = நிறை × முடுக்கம் என்பதை மூன்று அச்சுகளிலும் வகையீட்டுச் சமன்பாடாகப் பொது விதியாக்கியவர் ஆய்லர், 1750-இல், பெர்லின் அகாதெமியில். நாம் தலையில் அம்பு போட்டு எழுதும் வெக்டர் கிப்ஸும் ஹெவிசைடும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்தது. வேலை என்ற சொல்லுக்கு இன்றைய பொருளை நிலைநாட்டிய கொரியோலிஸின் நூல் வெளிவந்தது 1829-இல். மேதைகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டு எடுத்துக்கொண்டு சேர்த்ததைப் பதினைந்து வாரத்தில் கொட்டுகிறோம் என்பது ஆசிரியர் நினைவில் இருந்தால் போதும். மாணவருக்கு அது ஒரு ஆறுதல் மட்டும்.

உலகின் பெரும்பாலான முதலாண்டுப் புத்தகங்கள் 1960-இல் வந்த ஹாலிடே–ரெஸ்னிக்கின் வரிசையையே பின்பற்றுகின்றன. ஃபெயின்மன் கால்டெக்கில் 1961 முதல் 1963 வரை நடத்திய விரிவுரைகள் வேறு தளம்; மாணவர் கோணத்தில் தான் வெற்றி பெற்றதாக நினைக்கவில்லை என்று முன்னுரையில் அவரே எழுதினார். முதல் வாசிப்புக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை வாசித்துத்தான் அதை ரசித்திருப்பார்கள். 1973-இல் வந்த க்ளெப்னர்–கொலெங்கோவ் கடினமானது, நேர்மையானது. கணக்குகளில் பொய் இல்லை. சாபே–ஷெர்வுட் இணையர் எழுதிய ‘மேட்டர் அண்ட் இன்டராக்ஷன்ஸ்’ உந்தத்தில் தொடங்கிக் கணினி நிரலோடு போகிறது. சிறு கால இடைவெளியில் விசையைக் கண்டு, உந்தத்தைப் புதுப்பித்து, இடத்தைப் புதுப்பிப்பது என்ற மூன்று வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் கோள் சூரியனைச் சுற்றுகிறது. எதிர்காலம் இந்தக் கணத்தின் விசையிலிருந்து எப்படிப் பிறக்கிறது என்பதை எந்த மூடிய சூத்திரமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. இந்திய மாணவருக்கு எச்.சி. வர்மாவின் ‘கான்செப்ட்ஸ் ஆஃப் ஃபிசிக்ஸ்’ பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே நல்ல பாலம்.

தனியாகப் படிப்பவருக்கு இன்று வசதி அதிகம். ஐஐடி மெட்ராஸில் பொறியியல் படித்து, பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான ஆர். சங்கரின் விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; கணிதத்தைத் தயங்காமல் உள்ளே கொண்டுவருவார், நகைச்சுவையும் உண்டு. ஐஐடி மெட்ராஸின் வி. பாலகிருஷ்ணன் என்பிடெல்லில் நடத்திய ‘கிளாசிக்கல் ஃபிசிக்ஸ்’ அடுத்த படி. எம்ஐடியின் வால்டர் லூவின் 1999-இல் நடத்திய வகுப்புகள் ஒரு காலத்தில் உலகமே பார்த்தவை. இணையவழி மாணவி ஒருவருக்குத் தொல்லை கொடுத்தது உறுதியானபின் 2014-இல் எம்ஐடி அவற்றைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. விரிவுரை பார்ப்பதற்கும் மேலே சொன்ன ஹார்வர்டு சோதனை பொருந்தும்: பார்க்கும்போது புரிந்ததாகத் தோன்றும் அளவு புரிந்திருக்காது. வீடியோவை நிறுத்திவிட்டு, அடுத்த வரியில் என்ன வரும் என்று தாளில் எழுதிப் பார்ப்பவருக்கு மட்டும் பலன்.

ஆய்வகமும் வினாத்தாளும்

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் முதலாண்டிலேயே கூட்டு ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் காண்பார். துளைகள் உள்ள உலோகச் சட்டத்தைக் கத்தி முனையில் தொங்கவிட்டு, ஒவ்வொரு துளையிலும் 20 அலைவுகளுக்கான நேரத்தை ஸ்டாப் வாட்சில் எடுத்து, வரைபடம் போட்டு, விடை கண்டு, ரெக்கார்டு நோட்டில் இடப்பக்கம் படமும் வலப்பக்கம் செய்முறையும் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். விடை 9.8 வர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். 9.5 வந்தால் அப்சர்வேஷன் நோட்டில் ஒரு ‘3’ மெல்ல ‘8’ ஆகும்.

சென்னையில் உண்மை மதிப்பு சுமார் 9.78. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குறைவு, துருவத்தில் 9.83. அதைவிட முக்கியமானது, 2 நொடி அலைவுக் காலம் கொண்ட ஊசலில் 20 அலைவுக்கு 40 நொடி. விரல் அழுத்துவதில் 0.2 நொடி பிசகினாலே நேரத்தில் 0.5 சதவீதம், விடையில் 1 சதவீதம், அதாவது 0.1. ஆக 9.7-உம் 9.9-உம் நல்ல விடைகள். 9.80 என்று இரண்டு தசம இடம் எழுதுபவர்தான் இயற்பியலைத் தவறாக எழுதுகிறார். நடாஷா ஹோம்ஸ், நோபல் பெற்ற கார்ல் வீமன் இருவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பார்த்ததில், பாடத்தை ‘உறுதிப்படுத்த’ என்று நடத்தும் ஆய்வகம் அந்தப் பாடத்தின் தேர்வு மதிப்பெண்ணை அளக்கத்தக்க அளவு உயர்த்தவே இல்லை. ஆய்வகம் கற்பிக்கக்கூடியது பிழையைப் பற்றிய நேர்மை. நாம் அதைத்தான் முதலில் எடுத்துவிட்டு மீதியை நடத்துகிறோம்.

தாளில் நிலைமை இதைவிட மோசம். 2 மார்க்குக்கு வரையறை, 5 மார்க்குக்குச் சிறு நிறுவல், 10 மார்க்குக்கு நீண்ட நிறுவல். கணக்கு வந்தால் சூத்திரத்தில் எண் போடுவது. டி.எஸ். மாத்தூரோ முருகேசனோ பாடநூலில் குறையில்லாமல் எழுதிய நிறுவலை மனப்பாடம் செய்து ஒப்புவித்தால் நல்ல மதிப்பெண். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்களுக்கு இது தப்பிக்கும் வழியாகவும் இருக்கிறது: ஆங்கிலத்தில் விளக்கம் எழுத வராதவருக்குச் சமன்பாடுகளின் வரிசையை நினைவில் வைப்பது சுலபம். பொறியியலிலும் ‘எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ்’ அரியர் விழும் தாள்களில் ஒன்று. அங்கே சிக்கல் வேறு: தனித்த பொருளின் விசைப்படம் போடாமலே சமன்பாட்டுக்குப் போவது. எந்தப் பொருளைத் தனியாக எடுத்தேன், அதைத் தொடுபவை எவை, தொடாமல் இழுப்பது எது என்ற மூன்றையும் எழுதாத விடைக்குச் சமன்பாடு சரியானாலும் பாதி மதிப்பெண்தான் என்று கறாராக இருக்கும் ஆசிரியர்களின் வகுப்பில் அரியர் குறையும் என்றே நினைக்கிறேன்.

ஹெஸ்டனெஸின் ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ என்ற விசைக் கருத்துத் தேர்வையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. ஹஃப்மன், ஹெல்லர் இருவரும் 1995-இலேயே, அதன் கேள்விகள் உண்மையில் ஒரே கருத்தை அளக்கின்றனவா என்று கேட்டுப் புள்ளியியல் சந்தேகம் எழுப்பினார்கள். மசூர் முறையில் ஆண், பெண் மாணவர்களிடையே மதிப்பெண் இடைவெளி மறைந்ததாக ஹார்வர்டிலிருந்து 2006-இல் செய்தி வந்தது. கொலராடோவில் அதேபோன்ற வகுப்புகளில் அது மறையவில்லை. அதைவிட, தோராயம் செய்வது, அலகு சரிபார்ப்பது, எல்லை நிலைகளைப் பார்ப்பது, எப்போது ஆற்றலைக் கொண்டு யோசிப்பது எப்போது விசையைக் கொண்டு என்று முடிவெடுப்பது எல்லாம் இயக்கவியல் பாடத்தின் உயிர். அந்த 30 கேள்வியில் அவற்றுக்கு இடம் இல்லை.

நம் தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளைத் தாங்களே அமைக்கின்றன. 2 மார்க்குக்கு உச்சியில் நிற்கும் நாணயத்தின் விசைப்படம் கேட்கலாம். 5 மார்க்குக்குக் கப்பிக் கணக்கின் விடையை யானை வரை நீட்டச் சொல்லலாம். 10 மார்க்குக்கு 20 அலைவு நேரங்களின் அட்டவணையைக் கொடுத்து, விடையும் பிழை எல்லையும் கண்டு, அது 9.78-உடன் ஒத்துப்போகிறதா என்று எழுதச் சொல்லலாம். பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். தடை விடைத்தாள் திருத்துமிடத்தில் இருக்கிறது: படிநிலைக்கு இத்தனை மதிப்பெண் என்ற விடைக்குறிப்போடு கட்டுக்கட்டாகத் திருத்துபவருக்கு, மாணவர் தம் சொல்லில் எழுதிய காரணத்தை நின்று வாசிக்க நேரம் கிடையாது, இணைப்புக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத்தின் மையத் திருத்தத்தில் இது இன்னும் கடினம். அதனால் தொடங்க ஏற்ற இடம், ஆசிரியரே கேள்வி எழுதி ஆசிரியரே திருத்தும் இன்டர்னல் 25 மதிப்பெண்.